டாஃப்னேத் தீவின் இரண்டு சிட்டுகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பாடும் பறவைகளுள் விதை தின்று வாழும் சிறு பறவைகளுக்கு உலகில் பஞ்சமில்லை. நம் ஊர்ச் சிட்டுக்குருவியும், விளைந்த கதிர்களின் மேல் கூட்டமாய் இறங்கும் தினைக்குருவியும் அத்தகையனவே. ஆனால் தோற்றத்தில் ஒன்றுபோல் காணப்படும் இப்பறவைகள் எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. விதையை உடைக்கும் கூம்பு வடிவ அலகு பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை அடுத்த தீவுகளையும் பெரும்பாலும் வாழிடமாகக் கொண்ட டானேஜர்க் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பத்தில் பழம் தின்பவை உண்டு; தேன் குடிப்பவை உண்டு; பூச்சி பிடிப்பவை உண்டு; விதை உடைப்பவையும் உண்டு. நம் பாடநூல்களில் 'டார்வின் சிட்டுகள்' என்று படமாக வரும் கலாபகஸ் தீவுப் பறவைகளும் இக்குடும்பத்தினவே. நெடுங்காலம் அவற்றை வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபுப்பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்த பிறகே அவை டானேஜர்களின் உறவினர் என்பது தெளிவாயிற்று.

தேர்வு நோக்கில் பார்த்தால் டார்வின் சிட்டுகள் ஐந்து மதிப்பெண் வினா. நான்கு தலைகளின் படம் வரைந்து, அலகுகளைக் குறித்து, 'இயற்கைத் தேர்வு' என்று அடிக்கோடிட்டால் விடை முடிந்தது. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நான்கு தலைகளுள் இரண்டின் கதையை மட்டும் விரிவாகப் படித்தபோது, படத்தில் உறைந்து நிற்கும் அலகு ஓராண்டிலேயே மாறக்கூடியது என்பதை அறிந்து வியந்தேன். அந்த இரண்டு பறவைகளையும் ஒப்பிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று இடைத் தரைச்சிட்டு. விலங்கியற் பெயர் ஜியோஸ்பைசா ஃபோர்ட்டிஸ். மற்றொன்று பெருந் தரைச்சிட்டு, ஜியோஸ்பைசா மேக்னிராஸ்ட்ரிஸ்.

தீவு

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் பெருங்கடலில், எரிமலைகள் உமிழ்ந்த பாறைகளால் ஆனவை கலாபகஸ் தீவுகள். 1835ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் திங்களில் 'பீகிள்' கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் அங்கு ஐந்து வாரங்கள் இருந்தார். சிட்டுகளைச் சுட்டுச் சேகரித்த அவர், எந்தப் பறவை எந்தத் தீவில் கிடைத்தது என்பதை ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. அவை யாவும் ஒன்றுக்கொன்று நெருங்கிய ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று 1837இல் இலண்டனில் கண்டு சொன்னவர் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வின் இச்சிட்டுகளை எடுத்துக்காட்டாகக் கையாளவுமில்லை. பெயர் அவருடையது, உழைப்பு பின்வந்தவர்களுடையது என்றே சொல்ல வேண்டும்.

அத்தீவுக் கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்பது மிகச் சிறிய ஒன்று. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உயரம் 120 மீட்டர். நடுவில் எரிமலை வாய். குடிநீர் இல்லை, மனிதர் குடியிருப்பு இல்லை. படகு கரையேற மணற்கரையும் இல்லை. அலை மேலெழும் கணம் பார்த்துப் பாறை விளிம்பில் தாவ வேண்டும். அங்குள்ள செடிகளை நாம் கற்பனை செய்வது கடினமன்று. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் இனத்தைச் சேர்ந்த கள்ளி அங்கே மரம்போல் வளர்கிறது. நாம் கீரையாகக் கடைந்து உண்ணும் பருப்புக்கீரையின் பேரினச் செடி ஒன்று உண்டு. அம்மான் பச்சரிசிக்கு உறவான சிறு செடி உண்டு. நெருஞ்சியும் உண்டு. இந்த நெருஞ்சியைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இத்தகைய தீவில் 1973ஆம் ஆண்டு பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் ஆங்கில நாட்டு அறிவியல் தம்பதியர் ஆராய்ச்சி தொடங்கினர். 2012 வரை நாற்பது ஆண்டுகள், தாமும் தம் மாணவர்களும் மாறி மாறிச் சென்று தங்கினர். தண்ணீரையும் உணவையும் சுமந்து சென்றனர், கூடாரத்தில் உறங்கினர். வலையில் அகப்பட்ட ஒவ்வொரு சிட்டின் காலிலும் வண்ண வளையங்களை மாட்டி, அலகையும் இறக்கையையும் எடையையும் அளந்து, பறக்கவிட்டனர். அத்தீவுப் பறவைகளுக்கு மனிதரிடம் அச்சமில்லை, தீவும் சிறியது. ஆகவே எந்தச் சிட்டு யாருக்குப் பிறந்தது, எந்த ஆண்டு இறந்தது என்று பெயரேடு போல ஒரு பதிவு உருவாயிற்று. எங்கள் ஊர்க் கிராம அலுவலரின் பிறப்பு இறப்புப் பதிவேடு இத்தனை ஒழுங்காக இருக்குமா என்பது ஐயமே.

தோற்றமும் குரலும்

இரண்டு சிட்டுகளும் நிறத்தில் ஒன்றே. முதிர்ந்த ஆண் கருமை. பெண் பழுப்பு, மார்பில் கோடுகள். இரண்டும் கள்ளியில் கூரையுள்ள உருண்டைக் கூடு கட்டுகின்றன. இரண்டும் மழை பெய்தால் முட்டையிடும். மழை பொய்த்தால் இடுவதில்லை. எடையில் வேறுபாடு தெளிவு: இடைச்சிட்டு சுமார் 18 கிராம், பெருஞ்சிட்டு சுமார் 30 கிராம்.

பாட்டு ஆண் பறவைக்கே உரியது. ஒவ்வோர் ஆணும் தன் வாழ்நாளில் ஒரே பாட்டைத்தான் பாடும். அதைக் குஞ்சுப் பருவத்தில் தந்தையிடமிருந்து கற்றுக்கொள்கிறது. துணை தேடும் பெண், பாட்டையும் அலகையும் கொண்டே தன் இனத்தை அறிகிறது. இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. அலகு பெரிதானால் அதை விரைந்து திறந்து மூட முடியாது. எனவே பெரிய அலகுடைய சிட்டின் பாட்டு மெதுவாகவும் ஏற்ற இறக்கம் குறைந்தும் இருக்கும். விதை உடைக்க அமைந்த உறுப்பு பாட்டின் வேகத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். 'மேக்னிராஸ்ட்ரிஸ்' என்றால் இலத்தீன் மொழியில் 'பெரிய அலகுடையது', பொருத்தமான பெயர். 'ஃபோர்ட்டிஸ்' என்றால் 'வலியது'. இரண்டில் சிறியதற்கு வலியது என்று பெயர்!

அலகை அளத்தல்

தமிழில் பறவையின் மூக்குக்கும் அலகு என்று பெயர். மீட்டர், கிராம் போன்ற அளவைகளுக்கும் அலகு என்றே பெயர். கிராண்ட் தம்பதியர் செய்தது அலகால் அலகை அளந்தது. மூன்று அளவுகள்: நீளம், அகலம், தடிமன். தடிமன் என்பது அலகின் அடிப்பகுதியில் மேல்தாடையின் உச்சியிலிருந்து கீழ்த்தாடையின் அடிவரை உள்ள தொலைவு. விதையை நெரிக்கும் வலிமை பெரும்பாலும் இந்தத் தடிமனைப் பொறுத்தது. இடைச்சிட்டின் சராசரித் தடிமன் 9 முதல் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும். பெருஞ்சிட்டினுடையது ஏறக்குறைய அதன் ஒன்றரை மடங்கு.

இதில் நாம் அடிக்கடி மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. சராசரி என்பது ஏட்டில் உள்ள எண். தீவில் உள்ளவை தனித்தனிச் சிட்டுகள். ஓர் இடைச்சிட்டுக்கு 8 மில்லிமீட்டர் இருக்கும். பக்கத்துக் கள்ளியில் அமர்ந்துள்ள மற்றொன்றுக்கு 11 இருக்கும். மேல்நிலைப் பள்ளியில் வெர்னியர் அளவியை எடுத்துக் கம்பியின் விட்டத்தை அளந்தோம் அல்லவா? அதன் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்றால் வெர்னியரில் ஐந்து பிரிவுகள். செய்முறைத் தேர்வில் ஐந்து பிரிவு தவறினால் ஆசிரியர் ஒரு மதிப்பெண் குறைப்பார். டாஃப்னேயில் அதே ஐந்து பிரிவு உயிரையே கேட்டிருக்கிறது.

மேலும் இந்த அளவு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. தடித்த அலகுள்ள தாய் தந்தையரின் குஞ்சுகள் தடித்த அலகோடு வளர்கின்றன என்பதை பீட்டர் போக் என்னும் ஆராய்ச்சி மாணவர் குடும்பம் குடும்பமாக அளந்து காட்டினார். வேறுபாடு இருப்பது மட்டும் போதாது, அது மரபு வழியே இறங்கவும் வேண்டும் என்பதை டார்வினே வலியுறுத்தியிருக்கிறார்.

நெருஞ்சி

நெருஞ்சிக்காய் உலர்ந்தால் ஐந்து கூறுகளாகப் பிரியும். ஒவ்வொரு கூறும் முள்ளோடு கூடிய கட்டைபோன்ற ஓடு. அதனுள் சில விதைகள். நம் மருந்துக் கடைகளில் சிறுநெருஞ்சில் என்று விற்பதும் டாஃப்னேயில் வளர்வதும் ஒரே பேரினம். தீவில் உள்ளது பெரிய பூப் பூக்கும் வேறொரு சிற்றினம். (யானை நெருஞ்சில் என்று நாம் அழைப்பது இவற்றுக்கு உறவே அன்று, அது எள்ளுக்கு நெருங்கியது. பெயரை நம்பி வகைப்படுத்தக் கூடாது என்பதற்கு அது ஒரு சான்று.)

இதை உடைப்பது எத்துணைக் கடினம் என்று அறிய விரும்பி, விடுமுறையில் எங்கள் கொல்லையில் நாலைந்து நெருஞ்சி முட்களைப் பொறுக்கி விரலால் நெரித்துப் பார்த்தேன், பயனில்லை. அப்பாவின் குறட்டை எடுத்து அழுத்தியபோது ஓடு பிளந்தது. உள்ளே எள்ளளவு விதைகள், வெளிறிய நிறத்தில். காலில் முள் குத்தியே வாழ்நாள் முழுதும் நெருஞ்சியை அறிந்த அப்பா, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதைக் கொத்தித் தின்ற குருவி இருந்தா நம்ம கொல்லைக்கு நாலு கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அந்தக் குறடுதான் பெருஞ்சிட்டின் அலகு. அது நெருஞ்சிக் கூறை அலகிடையில் வைத்து ஒரே நெரிப்பில் உடைத்து, உள்ளிருக்கும் விதைகளை எல்லாம் தின்றுவிடும். இடைச்சிட்டுக்கு அத்தனை வலிமை இல்லை. அது கூறைப் பற்றித் திருகி, ஒரு மூலையைப் பெயர்த்து, ஒன்றிரண்டு விதைகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும், நேரமும் மிகுதியாகும். இடைச்சிட்டுகளிலும் எல்லாவற்றாலும் இது முடிவதில்லை. தடித்த அலகுள்ளவை மட்டுமே முயலும்; மெல்லிய அலகுள்ளவை நெருஞ்சியின் பக்கம் போவதே இல்லை. நல்ல காலத்தில் இதனால் துன்பமில்லை. சின்னஞ்சிறு மென்விதைகள் தரையெங்கும் கிடக்கும்; எல்லா இடைச்சிட்டும் அவற்றையே விரும்பித் தின்னும். துன்பம் மழை பொய்க்கும்போது வருகிறது.

1977

வழக்கமாக ஆண்டின் தொடக்கத்தில் அத்தீவுக்கு மழைக்காலம். 1976இல் நூறு மில்லிமீட்டருக்கு மேல் பெய்த இடத்தில் 1977ஆம் ஆண்டு மழைக்காலம் முழுதும் 24 மில்லிமீட்டரே பெய்தது. செடிகள் காய்க்கவில்லை. சிட்டுகள் கூடு கட்டவில்லை. தரையில் கிடந்த மென்விதைகள் முதலில் தீர்ந்தன. எஞ்சியவை கள்ளி விதையும் நெருஞ்சியும்.

ஏறத்தாழ 1200 இடைச்சிட்டுகள் இருந்த தீவில் ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவை 180 அளவே. நூற்றுக்கு 85 இறந்தன. பாறையிடுக்குகளில் உலர்ந்து கிடந்த சிறு உடல்களின் கால் வளையங்களைப் பார்த்து, ஏட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள். பிழைத்தவற்றை அளந்தபோது அவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்னைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. எந்தச் சிட்டின் அலகும் வளர்ந்துவிடவில்லை. மெல்லிய அலகுள்ளவை மிகுதியாக இறந்ததால் சராசரி உயர்ந்தது. மறு ஆண்டு மழை பெய்து குஞ்சுகள் பொரித்தபோது அவையும் தடித்த அலகோடு வளர்ந்தன. இயற்கைத் தேர்வு என்பது மனிதன் தன் வாழ்நாளில் காண முடியாத அளவுக்கு மெதுவானது என்று டார்வின் கருதியிருந்தார். ஓராண்டில் கண்ணெதிரே நடந்ததை போக்கும் கிராண்டும் 1981இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

இவ்வளவோடு நிறுத்தினால் 'பெரிய அலகு வென்றது' என்று கதை முடிந்துவிடும். பல நூல்களில் அப்படித்தான் முடிகிறது. நல்ல வேளையாக கிராண்ட் தம்பதியர் தீவை விட்டுப் போய்விடவில்லை.

1982 இறுதியில் எல் நினோ வந்தது. கடல் வெப்பமடைந்து 1983இல் மட்டும் 1359 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியையும் கள்ளியையும் மூடின. சிறுவிதைச் செடிகள் செழித்தன. அவ்வாண்டு பிறந்த சிட்டுகள் சில அவ்வாண்டிலேயே கூடு கட்டின. அடுத்து வறட்சி வந்தபோது தரையில் கிடந்தவை பெரும்பாலும் மென்விதைகள். இம்முறை பெரிய அலகுள்ள இடைச்சிட்டுகளே மிகுதியாக இறந்தன. சிறிய அலகு தேறியது.

அந்த மழையோடு வேறொன்றும் வந்தது. அதுவரை பெருஞ்சிட்டு டாஃப்னேயின் குடியல்ல. பக்கத்துத் தீவுகளிலிருந்து கோடையில் விரல்விட்டு எண்ணத்தக்க சில வந்து போகும், அவ்வளவே. 1982 இறுதியில் மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் அங்கேயே தங்கிக் கூடு கட்டின. பின்னரும் சில வந்து சேர்ந்தன. ஐந்தில் தொடங்கிய குடும்பம் 2003இல் 350ஐ நெருங்கியது.

2004

2003இலும் 2004இலும் மழை மிகக் குறைவு. இரண்டாண்டும் குஞ்சு பொரிக்கவில்லை. மீண்டும் மென்விதை தீர்ந்தது. மீண்டும் நெருஞ்சி எஞ்சியது. 1977ஐ நினைவில் வைத்திருப்பவர் என்ன எதிர்பார்ப்பார்? தடித்த அலகுள்ள இடைச்சிட்டுகள் பிழைக்கும் என்றே எதிர்பார்ப்பார். நடந்தது நேர்மாறு. தடித்த அலகுள்ள இடைச்சிட்டுகளே அழிந்தன. மெல்லிய அலகுள்ளவை, எஞ்சியிருந்த சின்ன விதைகளைத் தேடித் தேடித் தின்று பிழைத்தன. 1977இல் உயிர் காத்த அதே அலகு, அதே தீவில், அதே போன்ற வறட்சியில், இருபத்தேழு ஆண்டு கழித்து உயிரை வாங்கிவிட்டது.

இடையில் மாறியது ஒன்று: நெருஞ்சிக்கு இப்போது வேறொரு உரிமையாளர் இருந்தார். பெருஞ்சிட்டு இடைச்சிட்டைவிட விரைவாக நெருஞ்சியை உடைத்தது. நெருஞ்சி கிடந்த இடங்களிலிருந்து இடைச்சிட்டுகளை விரட்டவும் செய்தது. தடித்த அலகுள்ள இடைச்சிட்டு எந்த உணவை நம்பி 1977ஐக் கடந்ததோ அந்த உணவு அதற்குக் கிட்டவில்லை. கிராண்ட் தம்பதியர் தம் முப்பத்து மூன்று ஆண்டுப் பதிவில் கண்ட மிக வலிமையான பரிணாம மாற்றம் இதுவே என்று 2006இல் எழுதினர்.

பெருஞ்சிட்டுக்கு என்ன ஆயிற்று? கேட்காமல் விடும் கேள்வி இதுதான். நெருஞ்சியை எல்லாம் தின்று தீர்த்த பிறகு அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பெரிய உடலுக்குச் சிறிய விதைகள் போதவில்லை. 2005இல் எண்ணியபோது ஆண்கள் ஒன்பது, பெண்கள் நான்கு, ஆகப் பதின்மூன்றே மிஞ்சியிருந்தன. இடைச்சிட்டுகள் 83. தீவிலேயே வலிமை மிக்க அலகை உடைய பறவை, விகிதம் பார்த்தால், தான் விரட்டிய பறவையைவிடக் கடுமையாக அழிந்திருந்தது.

தக்கன பிழைத்தல்

இங்கே சற்று விலகிச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சென்ற பருவத்தில் ஒரு பட்டிமன்றத்தைக் கேட்கச் சென்றிருந்தேன். கல்வியைப் பற்றிய பேச்சு. ஒரு பேச்சாளர் மேசையைத் தட்டி, "வலியது வாழும், மெலியது மாயும் என்று டார்வினே சொல்லிவிட்டார், தாக்குப் பிடிக்க முடியாதவர் பாதியில் நின்று போவது இயற்கையின் நியதி" என்றார். கைத்தட்டல் எழுந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என்னோடு பள்ளியில் படித்த பலர் பாதியில் நின்றவர்கள். அவர்களுள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. நான் கைத்தட்டவில்லை.

அறிவியல் நோக்கிலும் அப்பேச்சு தவறு. அந்தச் சொற்றொடரை முதலில் ஆண்டவர் டார்வின் அல்லர்; 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர். 1869இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் டார்வின் அதை எடுத்துக்கொண்டார். தமிழில் அதனை 'வலியன வாழ்தல்' என்று பெயர்த்தவர்களும் உண்டு. 'தக்கன பிழைத்தல்' என்று பெயர்த்தவர்களும் உண்டு. இரண்டாவதே சரி. தக்கது என்றால் எதற்குத் தக்கது, எப்போது தக்கது, யார் பக்கத்தில் இருக்கும்போது தக்கது என்னும் கேள்விகள் தாமே எழும். 11 மில்லிமீட்டர் அலகு 1977இல் தக்கது. 1985இலும் 2004இலும் தகாதது. முதலில் காரணம் வறட்சி, அடுத்தது மழை மாற்றிவைத்த விதைகள், அதற்கடுத்தது அயலார். பறவை அதே பறவை. சிட்டுகளின் சாவைக் காட்டி மாணவரின் படிப்பைத் தீர்ப்பிட முடியாது என்பது வேறு. தீர்ப்பிட வந்தவர் சிட்டுகளையாவது சரியாகப் படித்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

கொள்கையும் ஐயமும்

ஒரே உணவை நாடும் இரண்டு சிற்றினங்கள் ஒரே இடத்தில் சேரும்போது, போட்டியின் விளைவாக அவற்றின் உடலமைப்பு ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் செல்லும் என்பது பழைய கருத்து. டேவிட் லாக் என்னும் ஆங்கிலேயர் 1938இல் கலாபகஸ் சென்று ஆராய்ந்து, 1947இல் எழுதிய நூலில் சிட்டுகளின் அலகுகளை இவ்வாறே விளக்கினார். 1956இல் பிரவுன், வில்சன் என்னும் இருவர் இதற்கு 'பண்பு விலகல்' என்று பொருள்படும் பெயரிட்டனர். ஆனால் அவர்கள் கண்டதெல்லாம் விலகி முடிந்த நிலையை. விலகும்போதே பார்த்தவர் இல்லை. போட்டியால்தான் விலகியதா, வேறு காரணமா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். டாஃப்னேயில் விலகும் நிகழ்ச்சியே பதிவாயிற்று: இடைச்சிட்டின் அலகு பெருஞ்சிட்டின் அலகிலிருந்து மேலும் தொலைவு சென்றது.

ஒரே தீவு, ஒரே நிகழ்ச்சி என்று ஐயம் எழுப்பலாம். ஆய்வகத்தில் கட்டுப்பாட்டுக் குழு வைப்பதுபோல இங்கே வைக்க முடியாது. ஆனால் 1977ஐயே கட்டுப்பாடாகக் கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது: வறட்சி உண்டு, நெருஞ்சி உண்டு, பெருஞ்சிட்டு மட்டும் ஏறத்தாழ இல்லை. இத்தகைய ஒப்பீடு கிடைத்தது, முதல் வறட்சியைக் கண்டவர்கள் இரண்டாம் வறட்சியிலும் அதே அளவியோடு அங்கே இருந்ததால்தான். மூன்றாண்டு நிதியில் மூன்றாண்டு ஆராய்ச்சி செய்பவருக்கு இது கிட்டியிராது.

அலகுக்குள்

இவ்விரு சிட்டுகளின் வேறுபாடு முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. 2004இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கருக்களை ஆராய்ந்தனர். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பி.எம்.பி. 4 என்னும் புரதம், பெருஞ்சிட்டின் கருவில் அலகு உருவாகும் இடத்தில் முன்னதாகவும் மிகுதியாகவும் தோன்றியது. அதே புரதத்தைக் கோழிக் கருவில் கூட்டியபோது கோழிக்குஞ்சின் அலகும் தடித்து அகன்றது.

2016இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தாரும் கிராண்ட் தம்பதியரும் சேர்ந்து எச்.எம்.ஜி.ஏ. 2 என்னும் மரபணு உள்ள பகுதியைக் கண்டனர். அது இரண்டு வடிவங்களில் உள்ளது. ஒன்று பெரிய அலகோடும் மற்றொன்று சிறிய அலகோடும் தொடர்புடையது. பெருஞ்சிட்டுகளிடம் காணப்படுவது பெரிய வடிவம். இடைச்சிட்டுகளிடம் இரண்டும் கலந்து உள்ளன. 2004-05 வறட்சிக்கு முன் எடுத்துப் பாதுகாத்திருந்த இரத்தத் துளிகளைக் கொண்டு பார்த்தபோது, பெரிய வடிவத்தை உடைய இடைச்சிட்டுகளே மிகுதியாக இறந்தது தெரியவந்தது. அளவியில் கண்டது மரபணுவிலும் எழுதப்பட்டிருந்தது. மனிதரின் உயரத்தோடும் நாய், குதிரை ஆகியவற்றின் உடலளவோடும் இதே மரபணு தொடர்புடையது என்பது கூடுதல் செய்தி.

சிறிய வடிவம் மிகுந்தாலும் பெரிய வடிவம் இடைச்சிட்டுகளிடமிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிழைத்தவற்றில் சிலவற்றிடம் அது இருந்தது. நெருஞ்சியின் நிலையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தக் காயை உடைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில் சிட்டும் தேர்வு செய்கிறது; விட்டுவிட்ட காய்தான் முளைக்கிறது. கலாபகஸ் தீவுகளில் பொறுக்கிய நெருஞ்சிக் காய்களின் அளவையும் முள்ளையும் அளந்திருக்கிறார்கள்.